எதிரணி உள்ளுக்குள் சரிகிறதா? ஜயண்ட்ஸை வைத்து முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி

எதிரணி தோற்றால் சந்தோஷப்பட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த அணி ஒரு வாரம் சறுக்கியிருக்கிறதா, ஒரு சீசன் சொதப்பியிருக்கிறதா, இல்லை நாலைந்து வருஷத்துக்கு எழ முடியாதபடி உள்ளே உளுத்துப்போய்விட்டதா என்று பிரித்துப் பார்க்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். அமெரிக்க பேஸ்பாலில் நான் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் ரசிகன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதனால் பெரும்பாலான உதாரணம் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ்தான். நியூயார்க்கில் இருந்த காலத்திலேயே இரண்டு அணிக்கும் ஆகாது, 1958-ல் இரண்டும் கலிஃபோர்னியாவுக்கு வந்த பிறகும் ஆகாது. 2010, 2012, 2014 என்று ஐந்து சீசனுக்குள் மூன்று வேர்ல்ட் சீரிஸை (பேஸ்பாலின் இறுதிக் கோப்பை) அள்ளிக்கொண்டு போனார்கள்; நாங்கள் 2013-லிருந்து வரிசையாக எட்டு முறை டிவிஷன் (லீகின் உட்பிரிவு) பட்டம் வாங்கியும் 2020 வரை கோப்பையைத் தொட முடியாமல் வயிறெரிந்துகொண்டிருந்தோம். எனவே எழுத்தில் கொஞ்சம் காழ்ப்பு இருக்கும், கணக்கில் இருக்காது.

முதலில் புள்ளிப் பட்டியலை மூடி வையுங்கள். வெற்றி தோல்விக் கணக்கில் வீழ்ச்சி தெரிய வரும்போது அது தொடங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். 2012-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டெட்ராய்ட் டைகர்ஸை நான்கே ஆட்டத்தில் முடித்து ஜயண்ட்ஸ் கோப்பை வாங்கிய வருஷம், ஊரே ஊர்வலத்தில் இருந்தது. அதே வருஷம்தான் டிம் லின்சிகம் 10 வெற்றி, 15 தோல்வி, 5.18 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்ட ரன், குறைவாக இருந்தால்தான் நல்லது) என்று முடித்தார். 2008, 2009 இரண்டு வருஷமும் சிறந்த பிட்சருக்கான (பந்து எறிபவர்) சை யங் விருது வாங்கியவர் அவர்! 2008-ல் மணிக்கு 94 மைல் அளவில் போய்க்கொண்டிருந்த அவருடைய ஃபாஸ்ட்பால் 2012-ல் 90-ஐ ஒட்டி வந்துவிட்டது. அக்டோபரில், அதாவது கோப்பைக்கான பிளேஆஃப் ஆட்டங்களில், அவரைப் பெரும்பாலும் புல்பென்னிலிருந்துதான் (நடுவில் வரும் மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் இடம்) இறக்கினார்கள், அங்கே நன்றாகவே போட்டார், அதனால் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டும், அதாவது சந்தோஷமாகக் கவலைப்பட வேண்டும். எதிரணியின் முதல் மூன்று பிட்சர்களுடைய ஃபாஸ்ட்பால் வேகத்தை வருஷவாரியாக எடுத்து வையுங்கள், ஃபேன்கிராஃப்ஸ், பேஸ்பால் சாவன்ட் தளங்களில் எல்லாம் இலவசமாகவே கிடைக்கும். ஒரு மைல் குறைந்தால் விட்டுவிடலாம். இரண்டு சீசனில் இரண்டு மைலுக்கு மேல் இறங்கி, ஸ்ட்ரைக்அவுட்டும் (பேட்டரைப் பந்தை அடிக்கவிடாமல் அவுட்டாக்குவது) கூடவே இறங்கினால் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒப்பந்தம். என் கணக்கில் இதுதான் முக்கியமான இடம், இதை மட்டும் செய்தால்கூட பாதி வேலை முடிந்துவிடும். ஒரு தாளை எடுத்து எதிரணியின் பெரிய சம்பளக்காரர்களை வரிசையாக எழுதுங்கள்: பெயர், இன்றைய வயது, ஒப்பந்தம் முடியும் வருஷம், அப்போது அவருக்கு என்ன வயது. கடைசிப் பத்தியில் 34, 35, 36 என்று வரிசையாக வந்தால் அந்த அணி நடந்து முடிந்த வெற்றிக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. கோப்பை வென்ற அணிகளுக்கே வரும் வியாதி இது, ரசிகர்கள் கொண்டாடிய முகங்களை எந்த நிர்வாகமும் அவ்வளவு சீக்கிரம் அனுப்பத் துணியாது. மேட் கெய்னுக்கு 2012 ஏப்ரலில் ஆறு வருஷத்துக்கு 12.75 கோடி டாலர் கொடுத்தார்கள், ஜூன் 13-ம் தேதி அவர் பர்ஃபெக்ட் கேம் (எதிரணியில் ஒருவரையும் பேஸுக்கு விடாத ஆட்டம்) போட்டார், ஆஹா எவ்வளவு புத்திசாலித்தனம் என்று எல்லாரும் பேசினார்கள். அந்த வருஷத்துக்குப் பிறகு 2017-ல் ஓய்வு பெறும்வரை ஒரு சீசனில்கூட அவருக்குத் தோல்வியைவிட வெற்றி அதிகமாக இல்லை. ஹன்டர் பென்ஸுக்கு 2013 முடிவில் ஐந்து வருஷம், 9 கோடி. 2014-ல் அதற்கு நியாயமாகவே ஆடினார், மறுக்க முடியாது, ஆனால் அந்த ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு 35.

இதற்குப் பாடப்புத்தக உதாரணம் ஜயண்ட்ஸ்கூட இல்லை, பிலடெல்பியா பிலீஸ். 2008-ல் சாம்பியன், 2007-லிருந்து 2011 வரை வரிசையாக டிவிஷன் பட்டம். ரயன் ஹவர்டுக்கு 2010 ஏப்ரலில், கையில் இருந்த ஒப்பந்தமே 2011 முடியும்வரை ஓடும் என்ற நிலையில், 2012-லிருந்து தொடங்கும் ஐந்து வருஷ ஒப்பந்தத்தை 12.5 கோடி டாலருக்கு நீட்டினார்கள். 2011-ல் 102 வெற்றி. பிளேஆஃபில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸிடம் தோற்ற கடைசி ஆட்டத்தின் கடைசி அவுட்டில், பந்தை அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடும்போதே ஹவர்டின் குதிகால் தசைநார் கிழிந்தது. புது ஒப்பந்தத்தின் முதல் நாள் தொடங்கியதே காயத்தோடுதான். 2012-ல் 81 வெற்றி, 81 தோல்வி, 2015-ல் 63-99.

இங்கே ஒரு விதியையும் தெரிந்து வையுங்கள். பத்து வருஷம் பெரிய லீகில் ஆடி, அதில் கடைசி ஐந்து வருஷம் ஒரே அணியில் இருந்த வீரர், தன்னை வேறு அணிக்கு டிரேட் செய்வதை மறுக்கலாம். கோப்பைக் காலத்து நாயகர்கள் வயதாகும்போது சரியாக இந்த உரிமைக்குள் வந்துவிடுவார்கள். நிர்வாகம் மனம் மாறினாலும் கை கட்டிப்போட்ட மாதிரிதான்.

ஒப்பந்தத் தாள் தயாரா? சரி, இப்போது மைனர் லீகை (அணியின் இளம் வீரர்கள் வளரும் கீழ்நிலை லீக்) பாருங்கள். புதிதாக வரும் வீரரை அணி சுமார் ஆறு வருஷம் குறைந்த சம்பளத்தில் வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பிறகு அவர் ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணிக்கும் போகலாம். ஜயண்ட்ஸ் மூன்று கோப்பை வாங்கியதே இப்படி வீட்டில் வளர்த்த பிள்ளைகளால்தான்: லின்சிகம், கெய்ன், பம்கார்னர், போஸி, சான்டவால், பெல்ட், கிராஃபர்ட். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான், இவர்களுக்குப் பின்னால் வரிசையில் யார் நிற்கிறார்கள்? 2015-ஐ ஒட்டி இந்தக் கேள்விக்குப் பதில் மெலிந்துகொண்டே போனது. ஜெயிக்கும் அணிக்கு டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது) கடைசியில்தான் இடம் கிடைக்கும், போதாததற்கு சில ஃப்ரீ ஏஜென்டுகளை வாங்கினால் டிராஃப்ட் வாய்ப்பையும் விட்டுக்கொடுக்க வேண்டும். ஜெஃப் சமார்ஜாவை 9 கோடிக்கு வாங்கியதில் ஜயண்ட்ஸுக்கு 2016-ன் முதல் சுற்று போனது. இரண்டாம் சுற்றில் பிரையன் ரெனால்ட்ஸ் என்ற பையனை எடுத்தார்கள், அருமையான தேர்வு. 2018 ஜனவரியில், இன்னும் நாம் ஜெயிக்கும் அணிதான் என்ற நினைப்பில், 31 வயது ஆண்ட்ரூ மெக்கட்சனுக்காக அதே பையனை பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்துவிட்டார்கள். மெக்கட்சன் அந்த சீசன் முடிவதற்குள் நியூயார்க் யாங்கீஸுக்குப் போய்விட்டார், ரெனால்ட்ஸ் பிட்ஸ்பர்க்கில் ஆல் ஸ்டார் ஆனார். இப்படி ஒரு டிரேட்டைப் பார்த்தால் சீசன் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பாயசம் வைத்துவிடலாம்.

ரன் வித்தியாசக் கணக்கு எளிது, பத்தே நிமிஷ வேலை. அடித்த ரன்னிலிருந்து விட்ட ரன்னைக் கழியுங்கள், பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்று வைத்து 81-உடன் (சீசனின் 162 ஆட்டத்தில் பாதி) கூட்டுங்கள் அல்லது கழியுங்கள். 750 அடித்து 650 விட்ட அணி ஏறக்குறைய 91 ஜெயிக்க வேண்டும். நிஜத்தில் 98 ஜெயித்திருந்தால் ஒரு ரன் வித்தியாச ஆட்டங்களில் அதிர்ஷ்டம் உதவியிருக்கிறது, அடுத்த வருஷமும் உதவும் என்று நம்ப வேண்டியதில்லை.

அப்புறம் புல்பென். 2016-ல் ஜயண்ட்ஸ் சீசன் நடுவில் வரும் ஆல் ஸ்டார் இடைவேளை வரை 57-33, லீகிலேயே முதலிடம். அதன் பிறகு 30-42. இரட்டைப்படை வருஷம் என்றால் எங்களுக்குத்தான் கோப்பை என்று அவர்களுடைய ரசிகர்கள் சட்டை போட்டுக்கொண்டு திரிந்த காலம் அது. சிகாகோ கப்ஸுக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் நான்காவது ஆட்டம்: மேட் மோர் எட்டு இன்னிங்ஸ், 120 பந்து போட்டு, இரண்டே ஹிட் விட்டுக்கொடுத்து 5-2 முன்னிலையோடு வெளியேறுகிறார். ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸில் ஜயண்ட்ஸ் மேலாளர் புரூஸ் போச்சி ஒருவர் மாற்றி ஒருவராக லா, லோபெஸ், ரோமோ, ஸ்மித், ஸ்டிரிக்லண்ட் என்று ஐந்து பேரைக் கூப்பிடுகிறார். நான்கு ரன். 6-5, சீசன் முடிந்தது. அதற்கு முன் தோற்றால் வெளியே என்ற ஆட்டங்களில் தொடர்ந்து பத்து ஜெயித்திருந்தார்கள்.

அந்த இன்னிங்ஸைவிட, அதற்கு நிர்வாகம் என்ன மருந்து கொடுத்தது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். மார்க் மெலன்சனை நான்கு வருஷம், 6.2 கோடிக்கு வாங்கினார்கள். கண்ணுக்குத் தெரிந்த ஒரே ஓட்டையை அடைத்துவிட்டு மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று 2017-க்குள் போனார்கள். 34 வயது பென்ஸும் 33 வயது டெனார்ட் ஸ்பானும் வெளிக்களத்தில். ஜயண்ட்ஸ் மைதானத்தில் வலது நடுப்பக்கம் அப்போது 421 அடி ஆழம், டிரிபிள்ஸ் ஆலி (மூன்று பேஸ் ஓட இடம் தரும் சந்து) என்றே பெயர். அங்கே விழும் பந்தைத் துரத்த இளங்கால் வேண்டும். பெருத்த பேட்டும் இல்லை, அந்த வருஷம் லீகிலேயே மிகக் குறைந்த ஹோம் ரன், 128. பம்கார்னர் ஏப்ரலில் டர்ட் பைக்கிலிருந்து விழுந்து தோளைக் கெடுத்துக்கொண்டார், அது மட்டும்தான் துரதிர்ஷ்டம். 64-98. இவ்வளவுக்கும் அந்த வருஷம் சம்பளம் வரம்பைத் தாண்டியதற்காக ஆடம்பர வரி கட்டிய அணிகளில் அவர்களும் ஒன்று! அதிகச் சம்பளம், அதிக வயது, காலியான மைனர் லீக், இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

கூட்டத்தைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். 2010-லிருந்து தொடர்ந்து 530 ஆட்டம் ஹவுஸ்ஃபுல்லாக ஓடிய அரங்கு, அந்தத் தொடர் அறுந்தது 2017 ஜூலையில். ரசிகர்களுக்குக் கடைசியில்தான் தெரிய வரும்.

எல்லாச் சரிவும் இந்த வகை இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஃப்ளோரிடா மார்லின்ஸ் 1997-ல் கோப்பை வாங்கிய கையோடு உரிமையாளர் ஆட்களை விற்றுத் தள்ளினார், 1998-ல் 54-108. அது கடையைக் காலி செய்வது, 2003-லேயே திரும்பக் கோப்பை வாங்கிவிட்டார்கள். கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் 2015-ல் சாம்பியன், 2017 முடிவில் ஹாஸ்மர், லொரென்சோ கெய்ன் எல்லாம் ஃப்ரீ ஏஜென்டாகப் போனார்கள், 2018-ல் 104 தோல்வி. வாஷிங்டன் நேஷனல்ஸ் கதை இரண்டும் கலந்தது. 2019-ல் கோப்பை, உடனே ஸ்டிராஸ்பர்குக்கு ஏழு வருஷம், 24.5 கோடி, அதன் பிறகு அவர் ஆடியது எட்டே ஆட்டம். 2021 ஜூலையில் ஷெர்சரையும் டிரே டர்னரையும் எங்களுக்கே விற்றார்கள், நன்றி. விற்று வீழ்ந்த அணி கையில் இளம் வீரர்களோடு வீழ்கிறது, விடாமல் பிடித்து வீழ்ந்த அணிக்கு அதுவும் இல்லை.

இனி அவசரக் கொண்டாட்டம் பற்றி. 2013-ல் ஜயண்ட்ஸ் 76-86, கதை முடிந்தது என்றார்கள், 2014-ல் கோப்பை. அப்போது போஸிக்கு 27, பம்கார்னருக்கு 25. வயதுப் பத்தியைப் பார்த்திருந்தால் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். 2021 இன்னும் மோசம். 107 வெற்றி, அவர்கள் வரலாற்றிலேயே அதிகம், நாங்கள் 106 ஜெயித்தும் எட்டு வருஷ டிவிஷன் பட்டத்தைப் பறிகொடுத்தோம். (பிளேஆஃபில் ஐந்தாவது ஆட்டத்தில் பழி தீர்த்தோம், அது தனிக் கதை.) திடீரென்று இப்படி ஒரு அணி எழுந்து நின்றால் யார் அடிக்கிறார்கள் என்று பாருங்கள். போஸி 34, கிராஃபர்ட் 34, பெல்ட் 33. மூவருமே பழைய கோப்பைக்காரர்கள், மூவருக்கும் ஒரே சமயத்தில் கடைசி வசந்தம். சீசன் முடிந்ததும் போஸி ஓய்வு பெற்றார், 2022-ல் 81-81. அடித்தவர்கள் 25 வயதுக்காரர்களாக இருந்திருந்தால் நான் அன்றைக்கே தூக்கம் கெட்டிருப்பேன்.

இதே தாளை இப்போதைய ஜயண்ட்ஸுக்குப் போட்டுப் பாருங்கள். 2024 செப்டம்பர் கடைசியில் போஸியே நிர்வாகப் பொறுப்புக்கு வந்துவிட்டார். மேட் சாப்மன் ஒப்பந்தம் 2030 வரை, அப்போது வயது 37. வில்லி ஆடமெஸ் 2031 வரை, அந்த செப்டம்பரில் 36. 2025 ஜூனில் பாஸ்டனிலிருந்து வாங்கிய ரஃபேல் டெவர்ஸ் 2033 வரை, அந்த அக்டோபரில் 37. 2025-ஐயும் 81-81 என்றுதான் முடித்தார்கள். மைனர் லீக் பத்தியை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள், சீசன் நடுவில் டிரேட் கெடு முடிந்ததும் ஒருமுறை திருத்திவிடுங்கள்.