திருப்பாடுகள் நாடகத்தில் யூதரைக் காட்டும் முறை

குமரிக் கடற்கரை ஊர்களில், இயேசு பாடுபட்டு இறந்ததைக் காட்டும் தவக்கால நாடகம் பழக்குகிறவர்கள், முதலில் பழைய ஏட்டில் ‘யூதர்கள்’ என்று வரும் இடமெல்லாம் கோடிடுங்கள். பேசுவது தலைமைக் குருக்களா, காவலரா, கூட்டமா என்று பார்த்து அதையே எழுதுங்கள். தீர்ப்பளித்தவன் உரோமை ஆளுநன் பிலாத்து, சிலுவை உரோமைத் தண்டனை.

உடையில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் யூதரின் அடையாளமாக இருந்த கூர்த்தொப்பியை எதிரிகளுக்கு மட்டும் வைத்தால், இயேசுவும் மரியாவும் சீடர்களும் யூதர்களே என்பது மறைந்துபோகும். யூதர் தனி உடை அணிய வேண்டும் என்று 1215-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. அந்த அடையாளம் மேடைக்கு வேண்டவே வேண்டாம். எல்லாருக்கும் ஒரே வகை அங்கி தையுங்கள்.

‘இவனுடைய இரத்தப்பழி எங்கள்மீதும் எங்கள் பிள்ளைகள்மீதும் விழட்டும்’ என்று கூட்டம் சொல்லும் மத்தேயு நற்செய்தி 27:25-ஐ விட்டுவிடுங்கள். அதைச் சொல்லித்தான் நூற்றாண்டுகளாக யூதர்களைத் துன்புறுத்தினார்கள். பாடுகளின் பழியை அன்றைய யூதர் எல்லார்மீதும் இன்றைய யூதர்மீதும் சுமத்தக்கூடாது என்ற 1965 இரண்டாம் வத்திக்கான் சங்க அறிவிப்பை, ஒத்திகையின் முதல் நாளே நடிகர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.