பந்தை விசாரிக்கிறோம், கிண்ணத்தை விட்டுவிடுகிறோம்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்று முடிவானதும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "பந்து செராமிக்கா, மெட்டலா? எந்தக் கம்பெனி?" என்பதுதான். எஸ்டிமேட்டில் கண்ணில் படுவது அதுதானே. ஆனால் பந்து போய் உட்காரும் கிண்ணத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மூட்டு நழுவுவது, சீக்கிரம் தேய்வது போன்ற பல வம்புகளுக்கும் அந்தக் கிண்ணம் என்ன வடிவம், எந்தக் கோணத்தில் பதிந்திருக்கிறது என்பதோடு நெருங்கிய தொடர்பு உண்டு.

புதிதாக வந்தது என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்புவது பெரிய தவறு. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் எலும்பு அறுவை நிபுணர் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லானில்தான் கிண்ணம் செய்தார். தோசைக்கல் புகழ் டெஃப்லானேதான். வழுக்கல் அருமை, ஆனால் சில ஆண்டுகளிலேயே தேய்ந்து, உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுவைக் கெடுத்தன. 1962இல் பாலிஎத்திலீனுக்கு மாறிய பிறகுதான் இந்தச் சிகிச்சை நிலைபெற்றது. இவ்வளவு பட்ட பிறகும் 2000களில் அதே பாடம் திரும்பியது. டெப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் மூட்டில் பந்தும் உலோகம், கிண்ணமும் உலோகம். அந்தக் கிண்ணத்தின் ஆழமும் குறைவு. கொஞ்சம் செங்குத்தாகப் பதிந்துவிட்டால் பந்து விளிம்பில் உரசும். கோபால்ட், குரோமியம் துகள்கள் உடம்புக்குள் இறங்கும். 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆஸ்திரேலியச் சந்தையில் இருந்து மட்டும் அதற்கு முந்தைய ஆண்டே விலக்கிவிட்டார்கள். யாருக்கு எந்த மூட்டு வைத்தோம், அது எத்தனை நாள் தாங்கியது என்று அங்கே தேசியப் பதிவேடு வைத்திருந்ததுதான் காரணம். அதனால் "லேட்டஸ்ட் மாடலா?" என்று கேட்காதீர்கள். "இது எத்தனை ஆண்டாகப் புழக்கத்தில் இருக்கிறது, வெளிநாட்டுப் பதிவேடுகளில் இதன் கணக்கு எப்படி?" என்று கேளுங்கள்.

இன்னொரு தவறு, எக்ஸ்ரேயில் கோணம் சரியாக இருந்தால் நழுவாது என்று நினைப்பது. 1978இல் லூவினெக் என்ற ஆய்வாளரின் குழுவினர் 300 மூட்டுகளைப் பார்த்து ஒரு எல்லை வகுத்தார்கள்: கிண்ணத்தின் சாய்வு 40 டிகிரி, முன்பக்கத் திருப்பம் 15 டிகிரி, இரண்டிலும் 10 டிகிரி கூடலாம், குறையலாம். இதற்குள் இருந்தவற்றில் 1.5 சதவீதம் நழுவின, வெளியே இருந்தவற்றில் 6.1 சதவீதம். பல பத்தாண்டுகளுக்கு இதுவே வேதவாக்கு. ஆனால் மொத்தம் நழுவியவை வெறும் ஒன்பது என்பதை நாம் கவனிப்பதில்லை. 2016இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை ஆய்வாளர்கள் 206 நழுவிய மூட்டுகளை அளந்தபோது, 58 சதவீதக் கிண்ணங்கள் அந்தப் 'பாதுகாப்பான' எல்லைக்குள்தான் இருந்தன!

எப்படி என்றால், கிண்ணம் பதிந்திருக்கும் இடுப்பெலும்பே அசையக்கூடியது. நாம் உட்காரும்போது அது பின்பக்கம் சாயும். கிண்ணத்தின் வாய் முன்பக்கம் திறந்து தொடைக்கு இடம் கொடுக்கும். கீழ்முதுகில் முதுகெலும்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஆபரேஷன் செய்தவர்களுக்கும், முதுகு விறைத்துப்போனவர்களுக்கும் இந்தச் சாய்வு சரியாக நடக்காது. படுத்து எடுத்த எக்ஸ்ரேயில் குறையே தெரியாது. ஆகவே "முதுகுக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று பழைய முதுகு ஆபரேஷனைச் சொல்லாமல் விடாதீர்கள். சொன்னால்தான் நின்றும் உட்கார்ந்தும் எக்ஸ்ரே எடுத்துத் திட்டமிட முடியும்.

ஆயுள் கணக்கிலும் குழப்பம் உண்டு. 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி, 25 ஆண்டுகள் தாங்கும் இடுப்பு மூட்டுகள் ஏறக்குறைய 58 சதவீதம். இது எல்லா வயதையும் சேர்த்த சராசரி. 70 வயதைத் தாண்டிச் செய்துகொள்பவருக்கு வாழ்நாளில் மறு ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பு 5 சதவீதம் அளவுதான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஆண்களுக்கு அது 35 சதவீதம் வரை போகலாம் என்கிறது இடுப்பு, முழங்கால் இரண்டையும் பார்த்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு. பக்கத்து வீட்டுத் தாத்தாவின் மூட்டை வைத்து உங்கள் மூட்டுக்கு ஜோசியம் பார்க்க முடியாது.

அப்புறம் நம் ஊர்த் தவறு. வலி சட்டென்று விட்டுப்போவதால், ஆறு வாரத்தில் ஆபரேஷன் நடந்ததே மறந்துவிடும். சம்மணம் போடுவது, இந்தியன் டாய்லெட்டில் குந்துவது, தாழ்ந்த சோபாவில் அமிழ்வது, கீழே விழுந்த சாவிக்கு உட்கார்ந்தபடியே குனிவது. பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷனில் இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கிக் கால் உள்பக்கம் திரும்பினால், பந்தின் கழுத்து கிண்ண விளிம்பில் முட்டும். கடப்பாரை நெம்புவது போலப் பந்து வெளியே வந்துவிடும். முன்பக்கமாகத் திறந்தவர்களுக்கு விதிகள் வேறு. அதனால் சொந்தக்காரர் சொல்லும் பத்தியத்தைப் பின்பற்றாமல், எந்தப் பக்கம் திறந்தார்கள் என்று உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். பொருத்திய மூட்டின் மாடல் பெயரும் லாட் எண்ணும் (தயாரிப்புத் தொகுதி எண்) அச்சிட்ட ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். அதன் நகலைக் கேட்டு வாங்க மறந்துவிடுகிறோம். ஏஎஸ்ஆர் விவகாரத்தில் இழப்பீடு கொடுக்கத் தேடியபோது, இந்தியாவில் அதைப் பொருத்திக்கொண்டவர்களில் பெரும்பாலோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, உங்கள் போனில் ஒன்று, பிள்ளைகளின் போனில் ஒன்று என்று வைத்துவிடுங்கள்.