மாமனாரோட நர்சிங் ஹோம் மெடிக்கெய்ட், வருமானம் கூடன்னு ரிஜெக்ட் ஆனப்போ

நியூஜெர்சில இருக்கோம், மாமாவுக்கு ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் நர்சிங் ஹோம். மெடிக்கேர் (வயசானவங்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) 100 நாள் வரைக்கும்தான், அதுவும் முழுசா இல்ல, நிரந்தரமா பாத்துக்கறதுக்கு மெடிக்கெய்ட்தான் (வருமானம் கம்மியா உள்ளவங்களுக்கான அரசு மருத்துவ உதவி) வழின்னு அப்ளை பண்ணா வருமானம் ஜாஸ்தின்னு லெட்டர். 2025-ல லிமிட் மாசம் 2,901 டாலர். பேங்க்ல விழறது அதுக்கும் கம்மிதான், ஆனா அவங்க மெடிக்கேர் பார்ட் பி பிரீமியம் (2025-ல 185 டாலர்) பிடிக்கறதுக்கு முந்தின தொகையத்தான் பாக்கறாங்க, கைக்கே வராத காசு எப்படிங்க வருமானமாகும்!

இதுக்கு வழி குவாலிஃபைட் இன்கம் டிரஸ்ட், அதாவது அவர் வருமானத்தப் போடறதுக்குன்னே ஒரு தனி டிரஸ்ட் அக்கவுன்ட், அதுல போடறத லிமிட் கணக்குல சேக்க மாட்டாங்க. ஸ்டேட்டே டெம்ப்ளேட் வச்சிருக்கு, என் வைஃப் டிரஸ்டியா (அத நிர்வகிக்கறவங்களா) கையெழுத்துப் போட்டாங்க. பேங்க்ல கவுன்டர்ல இருந்த பொண்ணு டிரஸ்ட்டுன்னதும் ஏதோ கோடீஸ்வரங்கன்னு நெனச்சு இன்வெஸ்ட்மென்ட் ஆள கூப்பிட போயிடுச்சு, மேனேஜர் வந்துதான் புரிஞ்சுது.

முக்கியமா, பென்ஷன்னா முழு பென்ஷனும் வந்த அதே மாசம் அந்த அக்கவுன்ட்ல போடணும், லிமிட்டுக்கு மேல உள்ளத மட்டும் போட்டா செல்லாது. நம்ம காசோ அவர் சேமிப்போ அதுல கலக்கவே கூடாது. டிரஸ்ட் பேப்பரோட திரும்ப அப்ளை பண்ணோம், அப்ரூவ் ஆயிடுச்சு. சொத்து லிமிட் 2,000 டாலர், அஞ்சு வருஷ கணக்கத் தோண்டுவாங்க, அது தனி ரோதனை, பழைய ஸ்டேட்மென்ட் எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க.