சிசேரியன் வலி: மருந்துச் சீட்டைக் கடிகாரமாக மாற்றுங்கள்

இரண்டு சிசேரியன் ஆனவள் என்பதால், சொந்தத்தில் யாருக்கு ஆபரேஷன் தேதி குறித்தாலும் எனக்குப் போன் வந்துவிடும். தமிழ்நாட்டில் அதற்குப் பஞ்சமும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். போனில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அந்த வலியை எப்படித் தாங்கின?"

முதல் தடவை பல்லைக் கடித்துத் தாங்கினேன். இரண்டாவது தடவை தாங்கவேண்டிய அளவுக்கு வலியை ஏறவே விடவில்லை. ட்ரமடால் மாதிரியான கடும் மாத்திரையும் தேவைப்படவில்லை. அதை எப்படிச் செய்தோம் என்பதுதான் இந்தப் பதிவு.

நான் டாக்டர் இல்லை. கீழே வரும் அளவுகள் பொதுவாக எழுதித் தரப்படுபவை. உங்கள் டாக்டர் சொல்வதுதான் உங்களுக்கு அளவு. அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் கோளாறு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, கர்ப்பத்தில் கடுமையான ரத்த அழுத்தம், இவற்றில் ஏதாவது இருந்தாலோ, எடை 50 கிலோவுக்குக் கீழே என்றாலோ, அதைச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் எந்த மாத்திரையையும் தொட வேண்டும்.

படி 1: மயக்க டாக்டரிடம் இரண்டு கேள்வி

ஆபரேஷனுக்கு முன்பு மயக்க மருந்து டாக்டர் வந்து பேசுவார். முதுகில் ஊசி போட்டால் வாழ்நாள் முழுக்க முதுகு வலிக்குமா என்று கேட்டு அந்த நேரத்தைச் செலவழிக்காதீர்கள். கேட்க வேண்டியவை இவை: "மரப்பு விடுறதுக்கு முன்னாடியே முதல் டோஸ் வலி மருந்து போட்டுடுவீங்களா?", "தையல் போட்ட இடத்துலயோ வயிற்றுப் பக்கத்துலயோ மரப்பு ஊசி போட முடியுமா?"

முதுகு ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் விட்டுவிடும். கால் விரலை அசைக்க முடிந்த பிறகு மருந்து தேட ஆரம்பித்தால் வலி முந்திக்கொள்ளும். அதனால் பாராசிட்டமால் டிரிப்போ, ஆசனவாயில் வைக்கும் டைக்ளோஃபெனாக்கோ தியேட்டரிலேயே தொடங்கிவிடுவது நல்லது. வயிற்றின் இரு பக்கமும் தசை அடுக்குகளுக்கு நடுவே போடும் மரப்பு ஊசியை 'டேப் பிளாக்' என்பார்கள். சில இடங்களில் முதுகு ஊசியோடு மிகச் சிறிய அளவு மார்ஃபின் சேர்ப்பார்கள். அதுவும் ட்ரமடால் போல ஓபியாய்டுதான், அதாவது அபின் வகை வலி மருந்து, ஆனால் ஒரே தடவை, துளி அளவு. உடம்பு அரிக்கலாம், குமட்டலாம். முதல் நாளுக்கு நன்றாகவே தாங்கும். அது போட்டிருந்தால் டேப் பிளாக்கால் பெரிதாகக் கூடுதல் பலன் இருக்காது.

படி 2: சீட்டில் இருப்பதை மணிக்கணக்காக எழுதுங்கள்

எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். மெதுவாகப் படியுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: பாராசிட்டமால் 650, 1-1-1. டைக்ளோஃபெனாக் 50, 1-0-1. கடைசியில் ட்ரமடால், எஸ்.ஓ.எஸ்., அதாவது தேவைப்பட்டால். 1-1-1 என்றால் நம் வீடுகளில் காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு எட்டு. இரவு எட்டு மணிக்குப் போட்டது நள்ளிரவு தாண்டினால் போய்விடும். அடுத்த மாத்திரை காலை எட்டுக்கு. நடுவில் குழந்தை இரண்டு மணிக்கு அழும், நீங்கள் எழுந்து உட்கார வேண்டும். வயிற்றில் மருந்தே இல்லாத நேரத்தில்தான் நாளிலேயே கஷ்டமான வேலை. விடியற்காலை மூன்று மணிக்கு "எஸ்.ஓ.எஸ். இருக்கே" என்று கை ட்ரமடாலுக்குப் போவது இப்படித்தான். குறை மருந்தில் இல்லை, இடைவெளியில்தான்.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "இதை மணிக்கணக்குல எழுதித் தர்றீங்களா டாக்டர்? முதல் ஒரு வாரம் ராத்திரியும் போடலாமா?" எனக்கு எழுதித் தந்தது இது: பாராசிட்டமால் 650 ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 12. டைக்ளோஃபெனாக்குக்குப் பதில் ஐபுப்ரூஃபன் 400 எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, காலை 8, மாலை 4, இரவு 12. இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்பவை, அதனால் இரவு 12 மணிக்குச் சேர்ந்து வந்தாலும் பரவாயில்லை. ஐபுப்ரூஃபனை வெறும் வயிற்றில் போடக்கூடாது. நள்ளிரவு டோஸுக்கு ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் தலைமாட்டிலேயே இருந்தன.

வலித்தாலும் வலிக்காவிட்டாலும் முதல் சில நாள் மணியடித்தால் மாத்திரை. "இப்பதான் வலிக்கலையே, எதுக்கு மருந்து?" என்று அம்மா கேட்பார். மருந்து உள்ளே இருப்பதால்தான் வலிக்கவில்லை.

அட்டவணைக்கு ஆப் வேண்டாம் என்பது என் கட்சி. பகலில் அம்மா, சாயங்காலம் மாமியார், ராத்திரி வீட்டுக்காரர் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும். போன் ஒருவர் கையில் போய்விடும். பள்ளிக்கூட நோட்டில் ஒரு தாள், அதைக் கட்டில் தலைமாட்டில் நூலில் கட்டிய பேனாவோடு ஒட்டிவிடுங்கள். கொடுத்தவர் நேரத்துக்குப் பக்கத்தில் டிக் போட வேண்டும். வாரக்கிழமை போட்ட மாத்திரை டப்பாவும் எனக்குப் பிடிக்காது. அட்டையிலிருந்து பிரித்துப் போட்டுவிட்டால் எது என்ன மாத்திரை என்று தெரியாது. ஏன் தெரிய வேண்டும் என்பது அடுத்து வருகிறது.

படி 3: அட்டையின் பின்புறம் படியுங்கள்

பாராசிட்டமால் பல பெயர்களில் ஒளிந்திருக்கும். டோலோ 650-ல் அது 650 மில்லிகிராம் என்பது எல்லாருக்கும் தெரியும். காம்பிஃப்ளாமில் ஐபுப்ரூஃபன் 400-ஓடு பாராசிட்டமால் 325. ஜீரோடால்-பி-யில் அசிக்ளோஃபெனாக் 100-ஓடு பாராசிட்டமால் 325. அல்ட்ராசெட்டில் ட்ரமடால் 37.5-ஓடு அதே 325. ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றிலும் உண்டு. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டக்கூடாது. ஒல்லியானவர்களுக்கு அதற்கும் குறைவு. தாண்டினால் அடி கல்லீரலுக்கு.

அதேபோல ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் மூன்றும் ஒரே குடும்பம். ஒரு நேரத்தில் ஒன்றுதான். மெடிக்கலில் சீட்டில் இருப்பது இல்லை என்று வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால், பெயரைப் பார்க்காமல் பொடி எழுத்தைப் பாருங்கள்.

பாராசிட்டமாலும் ஐபுப்ரூஃபனும் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே போகும், தைரியமாகப் பால் கொடுக்கலாம். ட்ரமடால், அதே வகையைச் சேர்ந்த கோடீன் விஷயம் வேறு. சிலரின் கல்லீரல் இவற்றை அதிவேகமாக வீரியமான பொருளாக மாற்றிவிடும். அது பால் வழியாகக் குழந்தைக்குப் போய் மூச்சை மந்தமாக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் பால் கொடுக்கும் தாய்மாருக்கு இந்த இரண்டும் வேண்டாம் என்று எச்சரித்தது. நம் ஊரில் ட்ரமடாலை 2018-லிருந்து போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், ஆனாலும் சீட்டில் எழுதுவது உண்டு. தப்பிதமாகப் போட்டுவிட்டோமே என்று பதற வேண்டாம். குழந்தை வழக்கத்துக்கு மீறித் தூங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அட்டவணைப்படி எல்லாம் போட்டும் வலி தாங்கவில்லை என்றால் வீராப்பாக இருக்காதீர்கள். டாக்டரைக் கூப்பிடுங்கள். வலியில் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து வேறு.

படி 4: எந்த வலி என்று பிரித்துப் பாருங்கள்

வயிற்றில் மூன்று வலி கலந்திருக்கும்.

தையல் வலி அசைந்தால் சுரீரென்று இழுக்கும், அசையாமல் இருந்தால் அடங்கும். படுத்த இடத்திலிருந்து நேராக எழாதீர்கள். முழங்காலை மடக்கி, உடம்பு மொத்தத்தையும் ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் புரட்டி, காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, முழங்கையையும் மறு உள்ளங்கையையும் ஊன்றி எழுந்திருங்கள். பாயில் படுப்பதை ஒரு மாதத்துக்கு மறந்துவிடுங்கள். கட்டில் இல்லாவிட்டால் கடன் வாங்கியாவது போடுங்கள். கழிவறையும் உட்காரும் மாதிரி இருக்கட்டும், இல்லையென்றால் கமோட் நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். இருமலோ தும்மலோ வரும்போது சின்னத் தலையணையைத் தையல் மேல் அழுத்திப் பிடியுங்கள். அடுப்படியில் மிளகாய் தாளிக்கும் நெடி வந்ததும் என் கை தானாகத் தலையணைக்குப் போகும்.

பால் கொடுக்கும்போது அடிவயிறு பிரசவ வலி போலவே சுருட்டிப் பிடித்தால் அது கர்ப்பப்பை சுருங்கும் வலி. இரண்டாவது குழந்தைக்கு இது இன்னும் கூடும், யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். சில நாளில் போய்விடும். பால் கொடுக்கும் முன் சிறுநீர் கழித்துவிடுங்கள். ஐபுப்ரூஃபன் இதற்குத்தான் நன்றாகக் கேட்கும்.

மூன்றாவது, வாயு. இரண்டாம் மூன்றாம் நாளில் வயிறு மத்தளம் போல உப்பி, சிலருக்குத் தோள்பட்டை வரை குத்தும். இதற்கு வலி மாத்திரை போட்டுப் பயனில்லை. ட்ரமடால் போட்டால் குடல் இன்னும் மந்தமாகி மோசமாகும். நடக்க வேண்டும், அவ்வளவுதான். சிஸ்டர் எழுப்பும்போது சிணுங்காமல் எழுந்து வராண்டாவில் நடங்கள். சூயிங்கம் மெல்வதும் குடலைச் சீக்கிரம் எழுப்பும் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

படி 5: பத்தியத்தில் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது

தண்ணீர் அதிகம் குடித்தால் தொப்பை போடும், பருப்பு சாப்பிட்டால் தையல் சீழ் வைக்கும் என்பார்கள். இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. தண்ணீரைக் குறைத்தால் மலம் இறுகும். தையலோடு முக்குவதை விடக் கொடுமை வேறில்லை. தாராளமாகத் தண்ணீர், கீரை, பழம். அதோடு மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப்பை முதல் ராத்திரியிலேயே தொடங்கலாமா என்று கேளுங்கள்.

ஆனால் வயிறு கட்டும் வழக்கத்துக்கு என் முழு ஓட்டு. வயிற்றுக்கு ஆதாரம் கொடுத்தால் நடக்கும்போது வலி குறையும் என்பதால் இன்றைய மருத்துவ வழிகாட்டிகளும் பெல்ட்டைச் சொல்கின்றன. படுத்துக்கொண்டு கட்டி, எழுந்து நடக்க வேண்டும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தளர்த்திவிடலாம். மூச்சு முட்டினால் இறுக்கம் அதிகம். கடை பெல்ட் வியர்வையில் உருண்டு மேலே ஏறியது. அம்மா பழைய பருத்தி வேட்டியை அகலமாக மடித்துக் கட்டியதுதான் எனக்கு ஒத்துவந்தது.

பாவாடை நாடா சரியாகத் தையல் மேல் உட்காரும், அதனால் நைட்டிதான். உள்ளாடை தொப்புளுக்கு மேலே வரும் பெரிய சைஸ்.

படி 6: நிறுத்துவது

முதலில் விட வேண்டியது அந்த எஸ்.ஓ.எஸ். ட்ரமடால், நான் அந்த அட்டையைத் தொடாமலே விட்டேன். அடுத்து, பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் ஐபுப்ரூஃபனைக் குறைத்து நிறுத்தலாம். பிறகு பகல் பாராசிட்டமால். ராத்திரி டோஸைக் கடைசியாக விடுங்கள். தையலைச் சுற்றி மரத்துப்போனது மாதிரி மாதக்கணக்கில் இருக்கலாம், அது சகஜம்.

பின்சேர்க்கை 1: காய்ச்சலைப் பற்றி ஒரு தோழி எச்சரித்தார், முதலில் எழுத விட்டுப்போனது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் வெளியே தெரியாது. அதனால் தினமும் காலை, மாலை டோஸுக்கு முன்னால் தெர்மாமீட்டர் வைத்து அதே தாளில் எழுதுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் டாக்டருக்குப் போன். குறைந்துகொண்டே வந்த வலி திரும்ப ஏறினாலும், தையல் சிவந்து கசிந்தாலும், நாற்றம் வந்தாலும், ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைந்தாலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அதே. நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், கண் மங்கலோடு தலைவலி வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பின்சேர்க்கை 2: உட்கார்ந்தால் தலை பிளக்கிறது, படுத்தால் சரியாகிறது, இதற்கும் இதே மாத்திரை போதுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது முதுகு ஊசியால் வரும் தலைவலியாக இருக்கலாம். மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகாமல் ஆஸ்பத்திரியில் சொல்லி, மயக்க டாக்டரே வந்து பார்க்கும்படி கேளுங்கள். அதற்குத் தனியாக வைத்தியம் இருக்கிறது.