முதல் டிரையத்லானுக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் டிரையத்லான் போட்டிக்குப் பெயர் கொடுக்க ஆசைப்படும் நம் தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது சைக்கிளைப் பற்றித்தான். எத்தனை ராண்ட் ஆகும், எதை வாங்குவது என்று. சைக்கிள் இருக்கட்டும். முதலில் கடலுக்கு வாருங்கள்.

என் தாத்தா கடற்காற்று வீசும் தூரத்தில் வளர்ந்தவர். ஆனால் அவருக்கு நீந்தத் தெரியாது. நிறவெறிக் காலத்தில் நல்ல கடற்கரைகளும் நீச்சல் குளங்களும் வெள்ளையருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. 1953-இல் வந்த தனி வசதிகள் சட்டம் 1990-இல்தான் நீக்கப்பட்டது. தாத்தா கற்காததால் அப்பாவும் கற்கவில்லை. 'முழங்கால் தண்ணீரைத் தாண்டாதே' என்பது எங்கள் வீட்டுக் கட்டளையாகவே ஆகிவிட்டது. டர்பனில் நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பல வீடுகளில் இன்றும் இதே கட்டளைதான். ஆகவே உங்களிடம் பன்னிரண்டு வாரம் இருந்தால், அதில் பெரும்பங்கை நீச்சலுக்குக் கொடுங்கள். ஓட்டமும் சைக்கிளும் தெருவிலேயே வந்துவிடும்.

முதல் போட்டிக்கு ஸ்பிரிண்ட் தூரம் போதும்: நீச்சல் 750 மீட்டர், சைக்கிள் 20 கிலோமீட்டர், ஓட்டம் 5 கிலோமீட்டர். ஒலிம்பிக் தூரம் இதைப்போல் இரண்டு மடங்கு. அதற்கு அவசரம் வேண்டாம். பள்ளி வயதினருக்கு இன்னும் குறைந்த தூரப் போட்டிகளும் நடக்கின்றன.

25 மீட்டர் குளத்தில் 750 மீட்டர் என்பது முப்பது நீளம். நிற்காமல் நாற்பது நீளம் நீந்த வந்த பிறகே கடல் போட்டிக்குப் பெயர் கொடுங்கள். புதியவர்களுக்கு மூச்சு வாங்குவது காற்று போதாமல் அல்ல, உள்ளே இழுத்த காற்றை அடக்கி வைத்திருப்பதால். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூக்காலும் வாயாலும் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். தலையைத் திருப்பும்போது இழுப்பதற்கு மட்டும்தான் நேரம் இருக்கும்.

கடலுக்குத் தனியாகப் போகவே கூடாது. உயிர்காப்பாளர் நட்டிருக்கும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடையில் மட்டும் இறங்குங்கள். டர்பன் நகரக் கடற்கரையின் தெற்குக் கோடியில், துறைமுகத்தை அடுத்த பகுதியில், அலை பெரும்பாலும் தணிந்திருக்கும். பழகுவதற்கு அதுதான் ஏற்ற இடம். இறங்குமுன் உயிர்காப்பாளரிடம் போய், "அண்ணா, இன்று இழுப்பு எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு நான் எந்தப் போட்டி நாளிலும் வெட்கப்பட்டதில்லை. சுறா பயம் எல்லோருக்கும் உண்டு. டர்பன் கடற்கரைகளில் 1952 முதல் சுறா வலை போடுகிறார்கள். என்னைக் கேட்டால், சுறாவைவிட இழுப்பு நீரோட்டத்துக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். இருபுறமும் அலை உடையும்போது நடுவில் மட்டும் உடையாமல், மணல் கலங்கிய நீர் வெளியே ஓடினால் அதுதான் இழுப்பு. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறுங்கள். முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்துங்கள்.

உடையும் அலையைத் தாண்டுவது இப்படி: தொடையளவு தண்ணீர் வரை நடங்கள். அலை நெஞ்சுக்கு நேரே எழும்பும்போது அதன் அடியில் பாயுங்கள். கீழே இரண்டு கைகளாலும் மணலைப் பற்றிக்கொண்டு இருங்கள். முதுகின் மேல் அலை உருண்டு போவது தெரியும். அது போனதும் காலால் தரையை உந்தி மேலே வாருங்கள். முதல் முறை நான் மேலே வந்தபோது இரண்டு கைப்பிடியிலும் மணல் அப்படியே இருந்தது. கரையில் நின்ற அம்மாவிடம் அதைத்தான் காட்டினேன். அப்பால் போனதும் எட்டுப் பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் உயர்த்தி மிதவையைப் பாருங்கள். அலையில் மிதவை மறைந்துவிடும். அதன் பின்னால் தெரியும் உயரமான கட்டடம் ஒன்றை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். குளிர் தாங்கும் ரப்பர் நீச்சலுடையான வெட்சூட்டுக்குப் பணம் செலவழிக்காதீர்கள், கோடையில் நம் கடல் வெதுவெதுப்பானது.

நம் தென்னாப்பிரிக்க வீரர் ஹென்ரி ஷூமனும் நீச்சலிலிருந்து டிரையத்லானுக்கு வந்தவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார், 2018 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார்.

இனி சைக்கிள். என் முதல் போட்டியை மாமாவின் பழைய மலைச் சைக்கிளில்தான் முடித்தேன். பிரேக் பிடிக்க வேண்டும், டயரில் வெடிப்பு இருக்கக் கூடாது, இருக்கையின் உயரம் உங்களுக்குப் பொருந்த வேண்டும், இவை போதும். சாட்ஸ்வொர்த் மேடுகள் இலவசப் பயிற்சிக்கூடம். பெரும்பாலான அமெச்சூர் போட்டிகளில் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போவது தவறு. உங்கள் போட்டியின் விதியை முந்திய நாளே படியுங்கள்.

கடலிலிருந்து சைக்கிளுக்கு மாறும் இடத்தில்தான் புதியவர்கள் நேரத்தைக் கொட்டுகிறார்கள். சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்குமுன் ஹெல்மெட் வாரை மாட்டியிருக்க வேண்டும். திரும்ப வைக்கும் வரை அவிழ்க்கக் கூடாது. எனக்கு முதல் போட்டியில் உப்புநீர் ஊறிய விரல்கள் நடுங்கின, கொக்கி பொருந்தவே இல்லை. அதன் பிறகு வீட்டு முற்றத்தில் பழகினேன். ஆயா ஒரு வாளித் தண்ணீரை என் தலையில் ஊற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார். நான் ஓடிப்போய் ஹெல்மெட், வார், எண் கட்டிய பட்டி, காலணி என்று அதே வரிசையில் போடுவேன். முப்பது முறைக்குப் பிறகு விரல்களே கொக்கியைத் தேடிப் பிடித்தன.

சைக்கிளிலிருந்து இறங்கி ஓடும்போது கால் மரக்கட்டையாக இருக்கும். வாரம் ஒருமுறை சைக்கிள் முடித்த உடனே பத்து நிமிடம் ஓடிப் பழகுங்கள். சைக்கிளின் கடைசிக் கிலோமீட்டரில் இலகுவான கியருக்கு மாறிக் காலை வேகமாகச் சுழற்றுங்கள்.

புரட்டாசியில் நம் வீடுகளில் கவுச்சி இல்லை. சீசன் தொடங்கும் வேளையும் அதுவே என்பதால் அம்மாக்கள் கவலைப்படுகிறார்கள். பருப்பு, பீன்ஸ் குழம்பு, சோறு, அவித்த மடும்பி (சேப்பங்கிழங்கு), தயிர் இருந்தால் பயிற்சிக்குக் குறைவில்லை. அந்த மாதத்தில் நானும் அப்படித்தான் பயிற்சி செய்கிறேன். ஆனால் முழு உபவாசம் இருக்கும் நாளிலும் காவடி எடுக்கும் நாளிலும் பயிற்சியை விடுங்கள். வெயிலில் நீர் வற்றிய உடம்போடு ஓடுவதை நான் யாருக்கும் அனுமதிக்க மாட்டேன்.

போட்டிக் காலை, தொடங்க மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். பழகாத எதையும் அன்று வாயில் வைக்காதீர்கள். நீந்துமுன் உங்கள் சைக்கிள் எந்த வரிசையில் இருக்கிறது என்று கடல் பக்கத்திலிருந்து ஒருமுறை, சாலைப் பக்கத்திலிருந்து ஒருமுறை நடந்து பாருங்கள். முடிந்ததும் கையில் எழுதிய எண்ணை உடனே அழித்துவிடாதீர்கள். சைக்கிளை வெளியே எடுக்கும்போது வாசலில் அதைப் பார்த்துத்தான் விடுவார்கள்.