தோட்டத்துப் பள்ளிகள் கூகுள் டிரைவுக்கு மாற எங்கே தொடங்குவது?

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் கணினிப் பொறுப்பு என்னுடையது. அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் இதுதான்: "டெலிமா கணக்கு எல்லாருக்கும் இருக்கு சார், ஆனா வேலை இன்னும் புலனத்துலதானே (வாட்ஸ்அப்) நடக்குது?"

உண்மைதான். 2020இல் கல்வி அமைச்சு டெலிமா என்ற இணையக் கற்றல் தளத்தைத் தொடங்கியது. கூகுள், மைக்ரோசாப்ட் செயலிகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. புதிதாக வாங்க ஒன்றுமில்லை. பழக்கம்தான் மாற வேண்டும்.

பெரிய பட்டறை வைத்துத் தொடங்காதீர்கள். எல்லாரும் தினமும் செய்து அலுத்துப்போன ஒரே ஒரு வேலையை எடுங்கள். என்னைக் கேட்டால், ஆர்எம்டி (பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் துணை உணவுத் திட்டம்) உணவுக் கணக்கு. காலையில் ஒவ்வொரு வகுப்பாசிரியரும் புலனத்தில் ஓர் எண்ணைப் போடுவார், நடுவில் பத்து வணக்கம் வந்து விழும், பொறுப்பாசிரியர் மேலே தள்ளித் தள்ளிக் கூட்டுவார். அதற்குப் பதில் ஒரு கூகுள் ஷீட் போதும். இடப்பக்கம் வகுப்புகள், மேலே தேதிகள், அடியில் கூட்டுத்தொகை. ஆசிரியர் கைப்பேசியிலேயே தம் கட்டத்தில் எண்ணைத் தட்டிவிடலாம். பொறுப்பாசிரியர் கூட்டுத்தொகையைப் பார்த்துச் சிற்றுண்டிச்சாலை அக்காவிடம் சொன்னால் வேலை முடிந்தது.

கூட்டுத்தொகை வரிசையை மட்டும் மறக்காமல் பூட்டிவிடுங்கள். கணினியில் திறந்து, டேட்டா மெனுவில் 'புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்' போங்கள். கட்டைவிரல் தவறிப் பட்டால்கூடச் சூத்திரம் அழியாது. வேறு ஏதாவது அழிந்தால் 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் பழையதை மீட்கலாம். இதை முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் செய்து காட்டுங்கள். மூத்த ஆசிரியர்கள் பலருக்கு இருக்கும் பயமே 'தொட்டால் கெட்டுவிடும்' என்பதுதான்.

இது பழகிய பிறகு பணித்தியக் (பாட ஆசிரியர் குழு) கோப்புகளுக்குப் போகலாம். இங்கேதான் கவனம் வேண்டும். 'மை டிரைவ்'வில் இருக்கும் கோப்பு அதை உருவாக்கியவருக்கே சொந்தம். 'ஷேர்ட் டிரைவ்'வில் இருப்பது குழுவுக்குச் சொந்தம். மாணவர் எண்ணிக்கை 150ஐத் தாண்டாத பள்ளிகளில் ஒரே ஆசிரியர் பல பணித்தியங்களைச் சுமக்கிறார். அவருக்கு மாற்றல் வந்தால் பல ஆண்டுக் கேள்வித்தாள்கள் அவர் கணக்கோடேயே போய்விடும். உங்கள் கணக்கில் ஷேர்ட் டிரைவ் திறக்க அனுமதி இல்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்தைக் கேளுங்கள். மாவட்டப் பள்ளிகள் எல்லாம் கோப்புறைகளுக்கு ஒரே பெயர் வைத்துக்கொள்வது நல்லது. மாறி வருகிற ஆசிரியர் எதையும் தேடி அலைய வேண்டியதில்லை.

பிள்ளைகளின் மைகிட் (சிறுவர் அடையாள அட்டை) எண், பெற்றோர் வருமானம் உள்ள எந்தக் கோப்பையும் 'எனிவன் வித் தி லிங்க்' (இணைப்பு கிடைத்த யாரும் திறக்கலாம்) என்று பகிரவே கூடாது. பெயர் பெயராகச் சேருங்கள், சிரமமாக இருந்தாலும் சரி.

செம்பனைத் தோட்டத்துக்குள் லைன் கிடைக்காது என்பதும் தெரிந்ததுதான். பள்ளி வைஃபையில் இருக்கும்போதே வேண்டிய கோப்புகளை ஆஃப்லைனுக்குக் குறித்து வையுங்கள். மடிக்கணினியில் என்றால் குரோமிலோ எட்ஜிலோ திறக்க வேண்டும். வீட்டில் எழுதியது மறுபடி லைன் கிடைத்ததும் தானே ஏறிவிடும்.

அப்புறம், புலனத்தை மூட வேண்டாம். அதில் கோப்பை அனுப்பாமல் இணைப்பை மட்டும் அனுப்பப் பழக்குங்கள்.