நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கரிப்படுகையில் நீக்கும் முறை

வாயுக்களைப் பற்றிக்கொள்ளும் நுண்துளைகள் நிறைந்த செயலூட்டிய கரியை வாங்குவதற்கு முன்பே, சுத்தம் செய்ய வேண்டிய வாயுவில் நைட்ரிக் ஆக்சைடு எவ்வளவு, நைட்ரஜன் டைஆக்சைடு எவ்வளவு என்று தனித்தனியே அளந்துகொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்த மொத்த அளவு மட்டும் போதாது. எரிகலன் புகையில் பெரும்பகுதி, பொதுவாக 90 விழுக்காட்டுக்கும் மேல், நைட்ரிக் ஆக்சைடாகவே இருக்கும். அதன் கொதிநிலை ஏறத்தாழ மைனஸ் 152 டிகிரி செல்சியஸ் என்பதால், அறை வெப்பநிலையில் அது கரியின் நுண்துளைகளில் எளிதில் தங்குவதில்லை. டைஆக்சைடோ 21 டிகிரியிலேயே நீர்மமாகக்கூடியது. கரி அதை விரைவாகப் பற்றிக்கொள்ளும்.

பற்றியது அப்படியே அடங்கிவிடுவதுமில்லை. டைஆக்சைடின் ஒரு பகுதி கரிப்பரப்பை ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டு நைட்ரிக் ஆக்சைடாக மாறி வெளியேறுகிறது. ஈரமிருந்தால் மூன்று மூலக்கூறு டைஆக்சைடு நீருடன் வினைபுரிந்து இரண்டு நைட்ரிக் அமிலத்தையும் ஒரு நைட்ரிக் ஆக்சைடையும் தருகிறது. வெளிவாயிலில் டைஆக்சைடை மட்டும் அளப்பவர் வடிகட்டி நன்றாக வேலை செய்வதாக எண்ணி ஏமாறுவது இதனால்தான். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம் ஏற்றிய கரி இக்குறையைக் கணிசமாகக் குறைக்கும். அதில் டைஆக்சைடு பொட்டாசியம் நைட்ரேட்டாகவும் நைட்ரைட்டாகவும் பிணைந்துவிடுகிறது.

படுகையின் அளவை நேரடியாகக் கணக்கிடலாம். மணிக்கு 100 கனமீட்டர் காற்று, ஒவ்வொரு கனமீட்டரிலும் 1 மில்லிகிராம் டைஆக்சைடு என்று கொள்வோம். காற்று படுகையைக் கடக்க 0.1 வினாடி தர விரும்பினால் 2.8 லிட்டர் கரி வேண்டும்; லிட்டருக்கு 500 கிராம் எடையுள்ள கரியானால் அது 1.4 கிலோ. நாளொன்றுக்கு வந்து சேரும் டைஆக்சைடு 2.4 கிராம். உங்கள் சோதனையில் அந்தக் கரி தன் எடையில் 5 விழுக்காட்டைத் தாங்குகிறது எனத் தெரிந்தால், 70 கிராம் ஏற, அதாவது சுமார் 29 நாள்கள் வரை, அது உழைக்கும். அந்த 5 விழுக்காட்டை விற்பனையாளரின் தாளிலிருந்து எடுக்காமல், பயன்பாட்டில் இருக்கும் அதே ஈரப்பதத்திலும் அதே செறிவிலும் சிறு குழாயில் கரியை நிரப்பி நீங்களே கண்டறிவது நல்லது. துகள்களைத் தட்டித் தட்டிச் சீராக நிரப்புங்கள். சுவரோரம் இடைவெளி விட்டால் வாயு அவ்வழியே நழுவிவிடும்.

புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடை நீக்குவதற்கு வழி வேறு. 100 முதல் 150 டிகிரி வரையிலான வெப்பநிலையில் புகையுடன் அம்மோனியாவைக் கலந்து கரிப்படுகை வழியே செலுத்தினால், கரி வினையூக்கியாக நின்று நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்ற உதவுகிறது. ஒரு பங்கு நைட்ரிக் ஆக்சைடுக்கு ஒரு பங்கு அம்மோனியா தேவை. மிகையாகச் செலுத்தினால் அதுவே மாசாக வெளியேறும். புகையில் கந்தக டைஆக்சைடு இருந்தால், அம்மோனியா அதனுடன் சேர்ந்து அம்மோனியம் சல்பேட்டாகித் துளைகளை அடைத்துவிடும். ஆகவே முதல் படுகையில் கந்தகத்தை நீக்கிய பிறகே, இரண்டாவது படுகைக்கு முன் அம்மோனியாவைச் சேர்க்க வேண்டும். கந்தகம் ஏறிய கரியை ஆக்சிஜன் இல்லாத சூழலில் 400 டிகிரியை ஒட்டிச் சூடாக்கி மீட்டெடுக்கலாம்.

கரி எரிபொருள் என்பதை மறந்துவிடக் கூடாது. வாயு ஓட்டம் நின்ற வேளையில் படுகைக்குள் வெப்பம் தேங்கித் தீப்பிடிக்கக்கூடும். எனவே நுழைவாயிலில் மட்டுமன்றிப் படுகையின் நடுவிலும் வெப்பமானி வையுங்கள், வெளிவாயிலில் கார்பன் மோனாக்சைடையும் கண்காணியுங்கள். காரம் ஏற்றிய பழைய கரியில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். கரியும் பொட்டாசியம் நைட்ரேட்டும் வெடிமருந்தின் மூன்று கூறுகளில் இரண்டு. அதை உலரவிட்டுக் குவித்து வைக்காமல், ஈரமாகவே மூடிய கலனில் இட்டு, அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும்.